உன் கையல்ல, நான் கொடுத்த பொடி

மகனே,

உனக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. நாலாவதைத் தபாலில் போடவில்லை. இந்தப் பத்திரிகை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதம் தவறாமல் நீ இதை வாங்குகிறாய் என்று உன்னைப் பார்த்துவந்தவர்கள் சொன்னார்கள். ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்டு விஷயத்தை ஊரே படிக்குமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். ஊர் ஏற்கெனவே பாதியைத் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறது, மீதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். பெயர்களை எடுத்துவிடச் சொன்னேன். வேறு எதையும் வெட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா சாப்பிடுகிற மாத்திரையை இன்னும் எத்தனையோ வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த வீட்டிலும் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளும் படிக்கட்டும்.

முதலில் ஆக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை, அவ்வளவு அசதியாக இருக்கிறது. அப்பாவிடம் மார்கழி முடியும் வரைக்கும் மாத்திரை இருக்கிறது. ரத்தம் உறையாமல் இளக்கி வைக்கிற மாத்திரை. மாதம் ஒருமுறை ரத்தம் குத்தி, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அந்தச் சோதனை நம் பக்கத்தில் கிடையாது, புதுச்சேரியில்தான். இரண்டு மாதமாக அவரை நான் கூட்டிப்போகவில்லை. சோதனைச் சீட்டு இல்லாமல் இனி ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன் என்று இங்கே காரைக்கால் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம். ரத்தத்தைப் பார்க்காமல் இந்த மாத்திரையைக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி. நிறுத்திவிட்டாலோ, காலில் கட்டிய ரத்தம் மறுபடி நெஞ்சுக்கு ஏறலாம். ஒருமுறை ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருமுறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பாய். மகனிடம் சொல்கிற விஷயமில்லை அது. ஆனாலும் சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியவில்லை. போன தடவை சிதம்பரத்தில் இறங்கி, சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். உன் அப்பா எனக்கு விசிறிக்கொண்டு நின்றார். நோயாளி யார் என்று ஜனங்களுக்கே குழப்பம். பதினாறு வயசில் உன்னைப் பெற்றேன், பெற்ற பத்தாம் நாள் குடம் தூக்கினேன், எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் இதே கோளாறோடு யாரோ மாவு ஆட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

ஆகவே நீதான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ புதுச்சேரியில் இருக்கிறாய், ஆஸ்பத்திரி நீ நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் உன் மனசில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். "நான் தொட்டா அவரு செத்துருவாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. அதற்குப் பதிலாக நான் உனக்கு ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதன்முதலாக அப்பாவுக்குக் கால் வீங்கியது நினைவிருக்கும். இடது கெண்டைக்கால் பூசணி மாதிரி ஆகி, தொட்டால் சுட்டது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து குதிரை வண்டி வைத்துக் காரைக்காலுக்குக் கொண்டுபோனோம். அப்போது இருந்தது வெள்ளைக்கார டாக்டர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர், பென்ஷன்காரர். டாக்டர், தமிழில் மாற்றிச் சொல்கிற துபாசியைக் கூப்பிடப் போனார். அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார். எனக்கு வேண்டாம், நான் பேசுவேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த டாக்டர் நல்ல மனுஷன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரல் விட்டு எண்ணி எண்ணி, பல்லைக் காட்டி, வயிற்றைக் காட்டி, அவ்வளவு நேரம் பேசினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "உய், மொன் தொக்தேர்" என்று தலையாட்டினார். கடைசியில் ஒரு தாளில் முன்னும் பின்னுமாக எழுதிக் கொடுத்தார். வண்டியில் ஏறியதும் கேட்டேன்.

"என்னங்க சொன்னாரு?"

"தெனம் ஒண்ணு சாப்பிடணுமாம். மூத்திரம் செவப்பாப் போவுமாம், மாத்திரை நெறமாம், பயப்படாதேங்குறாரு."

"அவ்வளவு நேரம் பேசுனாரே?"

"அட, வெள்ளக்காரன் வளவளன்னு பேசுவான்டி. ஒனக்கு என்ன தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். பின்னால்தான் புரிந்தது, அவருக்கும் தெரியாது என்று. பட்டாளத்தில் அவர் கற்றது நட, நில், துப்பாக்கியை எடு, சாப்பாட்டுக்குப் போ, இன்னும் சில வசவுகள். மனுஷ உடம்பைப் பற்றி ஒரு வெள்ளைக்காரன் அவரிடம் அதற்குமுன் பேசியதேயில்லை. தெரியவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நம் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தப் பாஷையில்தான் இருந்தது. அதை அவர் எப்படி விடுவார்? அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தனக்குப் புரியவில்லை என்று சொல்வது கேவலம் என்று நம் ஆண்களுக்குச் சின்ன வயசிலேயே யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேவலத்துக்குப் பயந்து எத்தனை பேர் செத்திருப்பார்களோ.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உன்னிடம்தான் வந்தேன். நீ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வீட்டில் உண்மையிலேயே அந்தப் பாஷை தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அப்போது நீ விடுதலைக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாய். நீ தாளைக் கையால்கூட வாங்கவில்லை. "அந்தப் பாஷைய இனிமே வாயால படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேம்மா. அவர்தான் பெரிய தொரையாச்சே, அவரையே படிக்கச் சொல்லு" என்றாய். உள்ளே படுத்திருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, "போடா, காகிதத்தத் தின்னா கால் வீக்கம் வடியும்னா எழுதியிருக்கான்?" என்று சிரித்தார். நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஜெயித்துவிட்டீர்கள். தாள் பென்ஷன் புத்தகத்துக்குள் போய்விட்டது. உன் போராட்டம் தப்பு என்று நான் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒரு தேசத்தின்மேல் கோபப்பட்டு ஒரு மருந்துச் சீட்டைப் படிக்க மறுத்தாய். அது உன் பங்கு. சின்னப் பங்குதான். பெரியது என்னுடையது.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் அவருக்கு முட்டி வலி வந்தது. அது பழைய வலிதான், காட்டிலும் சேற்றிலும் நடந்த வலி. காலை நீட்ட முடியாமல் முனகுவார். முனகிக்கொண்டே என்னைத் திட்டுவார். காரைக்காலுக்கு மறுபடி போகலாம் என்றால், "முட்டி வலிக்கெல்லாம் தொக்தேரத் தேடிப் போனா மானம் போயிடும்" என்பார். நான் அவருக்குச் சொல்லாமல் நாகூருக்கு நடந்தேன். அங்கே ஒரு டாக்டர் வலிக்குப் பொடி கொடுப்பார், இரண்டு வேளையில் கேட்கும் என்று பேர். நாகூர் இந்தியாவில், நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில், எல்லையில் கெடுபிடி. வாஞ்சூர் சாவடியில் இந்தியப் போலீஸ் ஒரு பக்கம், பிரெஞ்சுப் போலீஸ் ஒரு பக்கம். ஒரு படி அரிசிக்கு ஆயிரம் கேள்வி. நாகூர் டாக்டர் என்னிடம் தெளிவாகக் கேட்டார், தமிழில் கேட்டார். "ஒங்க வீட்டுக்காரரு வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறாராம்மா?"

இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன்? பிரெஞ்சுக்காரன் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அப்படியானால் அவனிடமே போ என்று விரட்டிவிடுவாரோ என்று பயம். அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நானாகவே பயந்தேன். எல்லை வாஞ்சூரில் மட்டும் இருக்கவில்லை, என் வாய்க்குள்ளும் இருந்தது. பொட்டலங்களை இடுப்பில் சொருகிக்கொண்டு சாவடியைத் தாண்டினேன். பையைக் கொட்டிப் பார்த்தார்கள், வெற்றிலை மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து தினமும் மூன்று வேளை, தேனில் குழைத்துக் கொடுத்தேன். நாட்டு மருந்து என்று சொன்னேன். முட்டி வலி உண்மையிலேயே குறைந்தது. அவர் எழுந்து நடந்தார். என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். முதல் தடவை கொண்டுவந்தது தீர்ந்ததும் மறுபடி போய் வாங்கிவந்தேன்.

பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், நீ வரிசையாக மனசில் வைத்துக்கொள், ஏனென்றால் இது மறுபடி வந்தால் இதே வரிசையில்தான் வரும். முதலில் பல் விளக்கும்போது உமிழ்நீர் சிவந்தது. கரி குத்தியிருக்கும் என்றார். பிறகு கையில், தொடையில், விலாவில் நாவற்பழம் நசுங்கின மாதிரி நீலம் நீலமாகத் தடம். எங்கே இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாவிதர் சவரம் செய்தபோது கன்னத்தில் கீறினது ஒரு பொழுது பூராவும் கசிந்துகொண்டிருந்தது. நாவிதருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னார், பாவம் அந்த மனுஷன். வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பாக இருந்ததை அவர் என்னிடம் சொல்லவேயில்லை. மூத்திரம் அடர்ந்த சிவப்பானது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மாத்திரை நிறம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே! அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது, அந்த ஒன்றே எங்கள் கண்ணை மறைத்தது. பாதி தெரிந்து வைத்திருப்பதைவிட ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால், அந்தச் சிவப்பைப் பார்த்து அலறிக்கொண்டாவது ஓடியிருப்பேன்.

அதற்குள் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள், வந்துவிட்டது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறுவதற்கு முந்தின ஜூலை. அன்றைக்குக் காலையில் அவர் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துப் போட்டு, மெடல்களை மாட்டிக்கொண்டு, காரைக்காலில் பென்ஷன்காரர்கள் வரிசைக்குப் போகக் கிளம்பினார். நீ வாசற்கதவில் குறுக்கே நின்றாய்.

"இந்த வேஷத்தோட தெருவுல எறங்காதீங்க. பசங்க கல்லால அடிப்பாங்க."

"எவன் பசங்க? ஒன் கூட்டாளிங்களா? வரச் சொல்லு."

"அவன் சோறு போட்டான்னு இன்னும் எத்தன நாளக்கிப்பா வாலாட்டுவீங்க?"

"அந்தச் சோத்துலதான்டா ஒன் ஒடம்பு வளந்துச்சு. கக்கிட்டுப் போ."

அவர் உன் தோளைப் பிடித்து விலக்கினார், நீ அவர் கையைத் தட்டிவிட்டாய். தள்ளினாய் என்று ஊர் சொன்னது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கோபத்தில் தட்டிவிடுகிற மாதிரிதான் தட்டினாய். நல்ல உடம்புக்கு அது ஒன்றுமேயில்லை. அவர் சாய்ந்து, இடுப்பு தாழ்ப்பாளில் இடித்து, கீழே விழுந்தார். அவரே சிரித்துக்கொண்டு எழுந்தார். போகவில்லை, கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் இடுப்பிலிருந்து முட்டி வரை கருங்கல் மாதிரி வீங்கிக் கறுத்தது. மூக்கில் ரத்தம். பிறகு வாந்தி, அதில் காப்பிக் கசடு மாதிரி. நீதான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டாய். உன் சட்டை முழுக்க அவர் ரத்தம். மறந்திருக்க மாட்டாய்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், உன் ரத்தத்தை எடுத்து ஏற்றினார்கள். டாக்டர் இந்தத் தடவை துபாசியை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார், வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று. நாகூரில் கேட்ட அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னேன். இல்லை. நீ பக்கத்தில் நின்றாய். "நான்தான் தள்ளுனேன்" என்று நீ துபாசியிடம் சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் இடுப்பில் அப்போதும் நாலு பொட்டலம் இருந்தது.

மகனே, ஏன் என்று நீ கேட்க உனக்கு உரிமை உண்டு. நான் யோசித்து யோசித்துப் பார்த்தது இதுதான். மகன் அப்பனைத் தள்ளினால், இளரத்தம், கோபம் என்று மூன்று மாதத்தில் ஊர் மன்னித்துவிடும். பெண்டாட்டி புருஷனுக்கு ரகசியமாகப் பொடி கொடுத்தாள், அவன் ரத்தம் கக்கினான் என்றால் அதற்கு வேறு பேர். உன் அப்பாவின் அக்காமார்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேரை என்மேல் வைத்தால் நான் சாகும் வரைக்கும் அது போகாது. இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் இருக்கிற இடம் அவ்வளவுதான், ஒரு பொட்டலப் பொடியில் பறந்துவிடும். அதனால் உன்னை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். காரணத்தைச் சொன்னேன், அதை நியாயம் என்று சொல்லவில்லை. நீ ஐந்தாம் நாள் வீட்டை விட்டுப் போனாய். வாசல் வரை வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

நீ போன மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். தெருக்கோடியில் இருக்கிறாரே அந்த முஸ்லிம் அக்கா, புருஷனோடு சைகோனில் கடை வைத்து இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் பொம்பளையிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் படித்தார், திருப்பி மறுபக்கம் படித்தார்.

"அல்லாவே! ஏன் புள்ள, இவ்வளவும் எழுதிக் குடுத்திருக்கான், இத எங்க வச்சிருந்தீங்க?"

"பென்ஷன் பொஸ்தவத்துக்குள்ள, லாத்தா."

"நல்ல எடம். அதுக்கு ரத்தம் ஒறையாம இருக்கணும் பாரு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திக்கொண்டார். வரி வரியாகத் தமிழில் சொன்னார். மூன்றாவது வரி, எந்த வலிப் பொடியும், தலைவலி மாத்திரையும் கேட்காமல் சாப்பிடக்கூடாது, அது வயிற்றைப் புண்ணாக்கும், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் நிற்காது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர்ட்ட போயி சொல்லிடு. அவன் போலீசு இல்ல" என்றார்.

சொன்னேன். அன்றைக்கே போய் பொட்டலங்களை மேஜைமேல் வைத்துச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஒன்றை முகர்ந்து பார்த்தார். முதல்நாளே சொல்லியிருந்தால் வயிற்றைத்தான் முதலில் கவனித்திருப்பேன், ஆறு நாள் மிச்சமாகியிருக்கும் என்று துபாசி மூலம் சொன்னார். விழுந்தது காரணமா என்று கேட்டேன். இவர் விழுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உள்ளுக்குள் ரத்தம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், விழாமல் இருந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார். கேட்டாயா? உன் கை அவரைக் கொல்லப் பார்க்கவில்லை. நீ தட்டிவிட்டதால்தான் நாங்கள் அவரை வண்டியில் ஏற்றினோம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உனக்கு எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. முதல் மூன்று கடிதங்களிலும் இது இல்லை. சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்றுதான் எழுதியிருந்தேன். நீ பிரிக்காமல் அனுப்பியதில் உனக்கு நஷ்டமில்லை.

அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தினார்கள், ஒரு வருஷம் கழித்து நெஞ்சடைத்தது, மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் புதுச்சேரிக்கு நான்தான் கூட்டிவந்தேன். ஒருதடவை நீ வேலை பார்க்கிற மில்லிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். "எளச்சிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். மாத்திரை தினமும் ஒரே நேரத்துக்கு, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. விட்டதை எழுதிவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏமாற்றுவார், வாயில் போட்ட மாதிரி போட்டுத் துப்புவார், அவர் விழுங்குகிற வரை அங்கேயே நில். மூத்திரம் சிவந்திருந்தால் ஒரு கிண்ணத்தில் பிடித்து எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம் விடு. நிறம் வெளுத்துப்போனால் மாத்திரை நிறம். வெளுக்காவிட்டால் ரத்தம், உடனே கிளம்பு. இது புதுச்சேரி டாக்டர் சொல்லிக்கொடுத்தது. சந்தேகமாக இருந்தாலும் கிளம்பிவிடு, அங்கே போய்ச் சிரித்துத் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். மலம் கறுத்தாலும், ஈறு கசிந்தாலும், காரணமில்லாமல் உடம்பில் நீலம் கண்டாலும் அப்படித்தான். தலையில் இடித்துக்கொண்டால் ரத்தம் வெளியே வராவிட்டாலும் கூட்டிக்கொண்டு ஓடு. இந்த மாத்திரைக்கு இன்னொரு குணமும் உண்டு, சிலருக்குக் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் உடம்பெல்லாம் தடிப்பும் வரும். வெயில் சூடு, ஜலதோஷம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதே. கீரை ஒரேயடியாக ஒருநாள் சட்டி நிறைய, பத்து நாள் ஒன்றுமேயில்லை என்று போடாதே. ஒரே அளவாகப் போடு. குடிக்கக் கேட்பார். பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் புதுச்சேரியில் நிறைய இருக்கிறார்கள், அழைத்துப்போவார்கள். அவர்களிடம் நீயே போய்ச் சொல்லிவை. பல் பிடுங்கப் போனாலும், இடுப்பில் ஊசி போட வந்தாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று வாயைத் திறந்து முதலில் சொல். எந்த டாக்டரிடமும் எதையும் மறைக்காதே. நாட்டு மருந்து, தைலம், பொடி, யார் கொடுத்ததாக இருந்தாலும் சொல்லிவிடு. டாக்டர் பேசுவது புரியவில்லையென்றால் புரியவில்லை என்று சொல். பிரெஞ்சில் சீட்டு கொடுத்தால் பிரெஞ்சில் படி. அந்தச் சத்தியத்தை யார் முன்னால் செய்தாயோ அவர்கள் எல்லாரும் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

போன வாரம்தான் பொடி விஷயத்தை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், இப்போதெல்லாம் அந்த வேலை அவருடையது. முழுக்கக் கேட்டுவிட்டு வெகுநேரம் தண்டையும் இலையையும் பிரித்துக்கொண்டேயிருந்தார். பிறகு, "பொடி நல்லாத்தான்டி கேட்டுச்சு" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. அடுத்த பிடிக் கீரையை எடுத்தவர், "அப்ப அந்தப் பய மூணு வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

மார்கழி இருபதாம் தேதி காலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுகிறேன். பக்கத்தில் கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் துணைக்கு வருகிறார், ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். புதுச்சேரிக்குப் போக மாட்டேன் என்று உன் அப்பா வாயால் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அவன் இருக்குற ரூம்பு மாடியா, கீழயா? படி ஏறுனா காலு தடுக்குமே, விழுந்துட்டா வம்பு." எனக்குத் தெரியாது என்றேன். நீ மாடியில் இருந்தால், இருபதாம் தேதிக்குள் கீழே ஒரு அறை பார்.

அம்மா